பத்தியத் தண்ணீர்

"கையைக் காட்டுங்க."

ரேடியேட்டர்காரர் காட்டினார். வேறு வழியில்லை. கட்டிலில் மல்லாந்து கிடக்கும் மனுஷன், எழுந்து ஓடவா முடியும்? இடது கால் இரண்டு தலையணைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் பெருவிரல் சிவந்து, பளபளவென்று வீங்கி, அந்தக் காலுக்குச் சம்பந்தமில்லாத யாருடைய விரலோ போல இருந்தது. மின்விசிறிக் காற்று பட்டாலே பல்லைக் கடித்தார்.

மனைவி அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பிறகு இடது கை.

"சோப்பு வாசனை வருது."

"கழுவின கையில சோப்பு வாசனைதான்டி வரும்."

"எதுக்குக் கழுவினீங்க? அதான் கேள்வி."

அவள் கல்லூரி விடுதி ஒன்றில் தலைமைச் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள். எவன் இரண்டாவது முட்டை எடுத்தான், எவன் நண்பன் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டான் என்று வரிசையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டில் பத்தியம் என்றால் அது பத்தியம் இல்லை, ஊரடங்கு.

ஈரல் கிடையாது. கறி கிடையாது. சின்ன மீன் கிடையாது. கலர் சோடா, டப்பா ஜூஸ், பீர், எதுவும் வாசற்படி தாண்டாது. காய், சோறு, ஆடை எடுத்த பால், நாளுக்கு ஒரு முட்டை. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். 'யூரிக் ஆசிட் கரைஞ்சு வெளியே போகணும்னா தண்ணி நிறைய குடிக்கணும். வேணும்னா எலுமிச்சை பிழிஞ்சுக்கலாம்' என்று முதல் தடவை விரல் வீங்கியபோதே டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் கைநிறைய எலுமிச்சம்பழம் பிழிந்து, துளி உப்புப் போட்டு, பெரிய எவர்சில்வர் டிரம் நிறையத் தண்ணீர் கலந்து வைத்துவிட்டுத்தான் விடுதிக்குக் கிளம்புவாள். மாலையில் வந்து டிரம்மைத் தட்டிப் பார்ப்பாள். காலியான சத்தம் வரவேண்டும். வராவிட்டால் அன்றைக்கு அர்ச்சனை.

மனுஷன் ஒழுங்காகத்தான் குடித்தார். ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். மாத்திரையும் விட்டதில்லை.

ஆனாலும் முதலில் எப்போதாவது வந்த வலி, அப்புறம் மாதா மாதம் வந்தது. இப்போது வாரம் தவறாமல் வருகிறது. பெருவிரலில் இருந்தது கணுக்காலுக்கு ஏறி, முழங்காலையும் எட்டிப் பார்த்துவிட்டது. சிறுநீரகம் தாங்காது, இன்னும் ரெண்டு தடவை இப்படி வந்தால் டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா போன முறையே சொல்லி அனுப்பியிருந்தார்.

பத்தியம் ஏற ஏற வலியும் ஏறுகிறது. எப்படி?

அவளுக்குத் தெரிந்து அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"திருட்டுத்தனமா திங்கறீங்க."

"சத்தியமா இல்ல."

"சத்தியத்தை எங்கிட்ட வைக்காதீங்க. தினம் முந்நூறு சத்தியம் கேக்கறவ நான்."

அடுத்த அறையிலிருந்து மகள் வந்து நிலைப்படியில் சாய்ந்தாள். முழுகாமல் இருக்கிறாள்; வயிறு இப்போதுதான் புடவைக்கு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. புருஷன் லாரி ஓட்டுகிறவன், நீண்ட சவாரி போயிருக்கிறான். மசக்கையோடு தனியாகக் கிடக்க வேண்டாம் என்று முந்தாநாள்தான் இங்கே வந்தாள்.

"அம்மா, விடும்மா. அப்பா முகத்தைப் பாரு. பொய் சொல்ற முகமா அது?"

"உங்கப்பா முகத்தை உன்னைவிட முன்னாலேர்ந்து பாக்கறேன். பீடியை விட்டுட்டேன்னு சொன்னப்பவும் இதே முகம்தான்."

சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போறே?" ரேடியேட்டர்காரர் தலையைத் தூக்கினார்.

"உங்க சிநேகிதர்கிட்ட."

*

கறிக்கடைக்காரர் அப்போது ஒரு தொடையை மரக்கட்டையில் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். கடை முன்னால் ஏழெட்டுப் பேர். வெயில் தகரக் கூரையில் இறங்கி, கடைக்குள் ரத்தமும் மஞ்சள் தண்ணீரும் கலந்த வாடை. அவர் கத்தி விழும் சத்தத்தில் ஒரு தாளம் இருக்கும். அவளைப் பார்த்ததும் தாளம் தப்பியது.

"வாங்க அண்ணி! அதிசயமா இருக்கு. என்ன வேணும்? எலும்பா, கறியா?"

"என் புருஷன் வேணும். முழுசா. கால் கையோட."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"புரியல அண்ணி."

"புரியும். தினம் இங்க வந்து உக்காராரா இல்லையா?"

"உக்காராரு."

"என்ன போடறீங்க அவருக்கு? ஈரலா? வறுத்துக் குடுக்கறீங்களா, இல்ல வேகவெச்சா?"

"ஐயோ அண்ணி!" கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அண்ணே வருவாரு. பெஞ்சில உக்காருவாரு. தொங்கற கறியைப் பார்ப்பாரு. பெருமூச்சு விட்டுட்டுப் போயிடுவாரு. கறியைப் பார்க்கறதுக்கு நான் காசும் வாங்கறதில்ல, அது யூரிக் ஆசிட்டை ஏத்தவும் ஏத்தாது."

கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

"நல்லா சிரிங்க. உங்க வீட்டு ஆம்பளை ராத்திரி பூரா கத்தும்போது வந்து சிரிங்க. தம்பி, உங்களைத்தான் சொல்றேன். கூடப்பொறந்தவன் மாதிரின்னு வீட்டுக்குள்ள விட்டேன். என் புருஷனைக் கொல்றீங்க!"

கறிக்கடைக்காரரின் முகம் கறுத்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வெட்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெருவே வேடிக்கை பார்க்க, அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

*

டாக்டரம்மா இந்த முறை காலைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தார்.

"வாயைத் திறங்க. ஈறைக் காட்டுங்க. வயித்து வலி வருதா?"

"வருது. மலச்சிக்கலும் இருக்கு. பத்தியச் சாப்பாடு ஒத்துக்கலன்னு நினைச்சேன்."

"கை நடுங்குதே?"

"வயசாச்சில்ல?"

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"ரேடியேட்டர் பட்டறை டாக்டரம்மா. லாரி, பஸ், டிராக்டர், எது ஒழுகினாலும் எங்கிட்டதான் வரும். கழட்டி, ஊதுவிளக்கு வெச்சு, சால்டர் உருக்கி ஓட்டி அடைச்சுடுவேன். என் கை வெச்ச இடம் திரும்ப ஒழுகினதா சரித்திரம் இல்ல." வலியிலும் அந்தக் கடைசி வரி கொஞ்சம் நிமிர்ந்து வந்தது.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். வழக்கமான சோதனையோடு கூட இன்னொன்று. அதை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நாளாகும் என்றார்.

முடிவு வந்த அன்று கணவன், மனைவி இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்க ரத்தத்துல ஈயம் இருக்கு. காரீயம். சாதாரண அளவு இல்ல, பயப்படற அளவு. இது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது கெட்டா யூரிக் ஆசிட் வெளியே போகாது. நீங்க எவ்வளவு பத்தியம் இருந்தாலும் கால் வீங்கத்தான் செய்யும்."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அப்படியானால் இவர் திருடித் தின்னவில்லை. ஒரு வாய்கூட. விரல் விரலாக முகர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. கறிக்கடை முன்னால் நின்று கத்தியதும்.

"பட்டறைப் புகையா டாக்டரம்மா?" என்று கேட்டார் ரேடியேட்டர்காரர்.

"அப்படித்தான் நினைச்சேன். உடனே வேலையை நிறுத்துங்க. எல்லாத்துக்கும் முதல் வைத்தியம் அதுதான்."

"நிறுத்தியாச்சே."

"எப்ப?"

"கால் முதல்ல வீங்கின அன்னிக்கே. போன மழைக்கு முன்னால. அதுக்கப்புறம் பட்டறைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கலையே."

டாக்டரம்மா தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பழசு கொஞ்சம் எலும்புல தங்கும். ஆனா ரத்தத்துல இவ்வளவு இருக்காது. இத்தனை மாசத்துல இறங்கியிருக்கணும்." நிதானமாகச் சொன்னார். "இது பழசு இல்ல. இப்பவும் உள்ளே போய்க்கிட்டிருக்கு. தினமும்."

"தினமுமா?"

"ஆமா. வீட்டுல இவருக்குச் சமைக்கறது யாரு?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"நான்தான்! நான் மட்டும்தான். இவருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. வேற யார் கையும் படவிடறதில்ல. என்ன கேக்கறீங்க நீங்க? நானா... நான் வெஷம் வெக்கறேன்னா?"

"அம்மா, உக்காருங்க. யாரும் அப்படிச் சொல்லல. மஞ்சள்தூள், மண்சட்டிப் பூச்சு, சுவர்ச் சாயம், பழைய குழாய், எதுலயும் இருக்கலாம். வீட்டுக்குப் போய்த் தேடுங்க. அவர் வாய்க்குள்ள போற எல்லாத்தையும் தேடுங்க."

ஆட்டோவில் திரும்பும்போது பள்ளத்தில் வண்டி குலுங்கி அவர் முனகியபோது, அவள் அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

*

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள். பிறகு இறக்க ஆரம்பித்தாள். மசாலா டப்பாக்கள், எண்ணெய்க் குப்பி, உப்பு ஜாடி, சட்டி, கரண்டி, வடிதட்டு. பரணில் கிடந்த பழைய பாத்திரங்கள். ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், தட்டிச் சத்தம் கேட்டார்.

"இது சுத்தம்."

"நல்லா பாருங்க."

"உலோகத்தைப் பத்தி எனக்கே சொல்றியா? இது அலுமினியம். இது இரும்பு. அடுத்ததைக் குடு."

"மஞ்சள்தூளை என்ன செய்ய?"

"தனியா வை. டாக்டரம்மாகிட்ட குடுப்போம். ஆனா அதே மஞ்சளைத்தானே நீயும் திங்கறே? உன் காலு நல்லாத்தானே இருக்கு?"

அவள் கை அப்படியே நின்றது.

"ஆமா. உங்களுக்கு மட்டும் போறது எது?"

இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் அங்கே போனது. மூலையில், முக்காலி மேல், எவர்சில்வர் டிரம். அடியில் பித்தளைக் குழாய். வீட்டில் மற்றவர்கள் குடிப்பது பானைத் தண்ணீர். டிரம் அவருக்கு மட்டும்.

"சேச்சே. எவர்சில்வர்ல ஏது ஈயம்?" என்றாள் அவள்.

அந்த டிரம்மில் ஏது ஈயம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன மழையில், பட்டறையை விட்டு வீட்டோடு அடைந்த புதிதில், பொழுது போகாமல் கை நமநமவென்றிருந்த காலம். டிரம்மின் குழாய் கசிந்து முக்காலிக்கடியில் எந்நேரமும் ஈரம். ரப்பர் வாஷர் நைந்துவிட்டது. புது வாஷர் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். கடையில் போய் ஒரு வாஷர் வாங்கி மாட்டுவது யாரும் செய்கிற வேலை; இத்தனை வருஷம் லாரி ரேடியேட்டரையே அடைத்த கைக்கு அது கௌரவக் குறைச்சல். வாஷரைப் பிய்த்து எறிந்தார். டிரம்மைக் கவிழ்த்து, உள்பக்கம் குழாய்க் கழுத்தைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஆசிட் தடவினார். பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த சால்டர்க் கட்டியை ஊதுவிளக்கில் காட்டி, சொட்டுச் சொட்டாக உருக்கி, கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக ஓட்டினார். மோதிரம் மாதிரி மழமழவென்று வந்தது. மகளைக்கூடப் போனில் கூப்பிட்டுப் பெருமை அடித்துக்கொண்டார்.

ரேடியேட்டருக்குப் போடும் சால்டர். பாதிக்குப் பாதி காரீயம். அது அவருக்கு அப்போதும் தெரியும். ஆனால் அவரைப் பொறுத்தவரை சால்டர் என்பது ஒழுகுகிற இடத்தை அடைக்கிற சாமான். அது தானே ஒழுகும் என்று அவர் தொழிலில் யாரும் யோசித்ததில்லை.

"டிரம்மைக் காலி பண்ணு," என்றார். குரல் மாறியிருந்தது.

அவள் குழாயைத் திறந்து வாளியில் விட்டாள். பிறகு டிரம்மைத் தூக்கி அவர் மடியில் சாய்த்தாள். அவர் உள்ளே கையை விட்டார். தோள்பட்டை வரை போனது. கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

மழமழப்பு இல்லை.

விரல் சொரசொரவென்று ஓடியது. பள்ளம். மேடு. மறுபடி பள்ளம். பூச்சி அரித்த பல் மாதிரி. மோதிரம் போல உருண்டு நின்ற வளையம், ஒரு பக்கம் தகடாக இளைத்துக் கிடந்தது. கையை வெளியே எடுத்தார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு.

"என்னங்க? என்ன அது?"

"இங்க இருந்தது எங்கடி போச்சு?" அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரல் தண்டி ஓட்டியிருந்தேன். எங்க போச்சு?"

கேட்டுவிட்டு, தன் வயிற்றைத் தானே குனிந்து பார்த்தார்.

எலுமிச்சை. தினமும் புதிதாகப் பிழிந்த எலுமிச்சை. பகல் முழுக்க அந்த வளையத்தில் ஊறி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, குழாய் வழியே டம்ளரில் இறங்கி... வலி வந்தால் இன்னும் ரெண்டு டம்ளர் கூட. அவள்தான் ஊற்றிக் கொடுப்பாள். 'குடிங்க, குடிச்சாத்தான் கரையும்' என்று.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. டம்ளர் வாளியில் மோதும் சத்தம்.

மகள். மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவள், வாளியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"குடிக்காதே!"

அந்தக் காலோடு அவர் எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. எழுந்தார், எட்டினார், தட்டிவிட்டார். டம்ளர் சுவரில் அடித்து உருண்டது. டிரம் விழுந்து முழங்கியது. அவரும் விழுந்தார்.

மகள் வெலவெலத்துப் போய் நின்றாள். முகமெல்லாம் எலுமிச்சைத் தண்ணீர்.

"என்னப்பா? என்ன ஆச்சு? இதைக் குடிச்சாத்தான் எனக்கு வாந்தி நிக்குது. வந்த நாள்லேர்ந்து இதைத்தானே குடிக்கறேன்?"

*

மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. மனைவி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "என் கையால ஊத்திக் குடுத்தேனே." அவர் ஒரே ஒரு தடவை மறுத்தார்: "நீ ஊத்தினது தண்ணி. நான் வெச்சதுதான் வெஷம்."

டாக்டரம்மா மகளின் தாளை மேஜை மேல் வைத்தார்.

"ஏறியிருக்கு. ஆனா கொஞ்சம்தான். ஒரு வாரம்தான் குடிச்சிருக்காங்கறது உங்க அதிர்ஷ்டம். இப்பவே நிறுத்திட்டதால இறங்கிடும்னு நம்பறேன். பால், முட்டை, கீரை, இரும்புச்சத்து மாத்திரை, எதையும் விடாதீங்க. மாசா மாசம் ரத்தம் பார்க்கலாம்."

"கொழந்தைக்கு?" மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஸ்கேன் நல்லா இருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பயப்படறதைவிட நம்பறதுக்குத்தான் காரணம் அதிகம்." மகளின் தோளில் தட்டிவிட்டு, ரேடியேட்டர்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இங்கேயே தங்கி வைத்தியம் பார்க்கணும். நாளைக்கே வந்து சேருங்க. வேற யாராவது அந்தத் தண்ணியைக் குடிச்சாங்களா?"

"இல்ல," என்றாள் மனைவி.

அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது.

"என்னங்க? வேற யாரும் இல்லதானே?"

"அந்த டிரம்முல இல்ல," என்றார்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் முழுசாகச் சொன்னார். வீட்டில் டிரம் அடைத்ததைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டுக்காரி தன் டிரம்மைக் கொண்டுவந்தாள். அப்புறம் தையல்காரர். அப்புறம் எதிர்வீட்டு வாத்தியார். இவள் விடுதிக்குப் போயிருந்த பகல்களில், நொண்டிக்கொண்டே, ஒரு பைசா வாங்காமல், தெருவுக்கே அடைத்துக் கொடுத்திருக்கிறார். 'வாஷர் எதுக்கு? என்கிட்ட கொண்டா' என்று அவரே கூப்பிட்டுக் கேட்டு வாங்கிய டிரம்களும் உண்டு.

மனைவி சுற்றும் முற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"என்னடி சொல்றே?"

"அவங்கள்லாம் எலுமிச்சை போட்டா வெக்கறாங்க? வெறும் தண்ணிதானே. ஒண்ணும் ஆகியிருக்காது. குழாய் பழசாயிடுச்சு, புதுசா மாத்தித் தரேன்னு சொல்லி ஒவ்வொண்ணா வாங்கிச் சரிபண்ணிடலாம். வெளிய தெரிஞ்சா தெருவே திரண்டு வரும். போலீஸுக்குப் போவாங்க. நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரியில படுக்கணும். அந்த நேரத்துல இது வேணுமா?"

"ஒவ்வொண்ணா வாங்கறதுக்குள்ள?"

அவள் ஆட்டோ நிற்கும் பக்கம் பார்த்தாள்.

"இவளுக்கு ஒரு வாரம்." மகளைக் காட்டினார். "அவங்களுக்கு மழைக்காலத்துலேர்ந்து. எல்லா வீட்லயும் குஞ்சும் குளுவானும் இருக்கு. ஒவ்வொண்ணா வாங்கவா?"

மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஆட்டோவைக் கூப்பிடு," என்றாள் மனைவி கடைசியில்.

தெருமுனையில் முதலில் வந்தது கறிக்கடைதான். மகளை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள். அவர் அவள் தோளில் முழு பாரத்தையும் போட்டு நடந்தார். கடையில் நல்ல கூட்டம். அவளைப் பார்த்ததும் கறிக்கடைக்காரரின் கத்தி நின்றது. கூட்டம் அடுத்த சண்டைக்குத் தயாரானது.

கறிக்கடைக்காரர் அவளைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்துச் சொன்னார். "வாங்கண்ணே. உக்காருங்க. என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?" திரும்பி, கடை மூலையில், ரேடியேட்டர்காரர் அடைத்துக் கொடுத்த டிரம்மில் ஒரு டம்ளர் பிடித்தார். சங்கிலியில் கட்டிய டம்ளர் அது. போகிற வருகிறவர்கள் எல்லாம் குடிக்கிறது. வரிசையில் ஒரு கிழவர் அப்போதுதான் குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தண்ணி குடிங்க. உங்களுக்கு மருந்தே அதானே?"

ரேடியேட்டர்காரர் டம்ளரை வாங்கினார்.

அவள்தான் பேசினாள்.

"தம்பி. அன்னிக்கு உங்களைச் சொன்னதெல்லாம் தப்பு. அவர் ஒண்ணும் திங்கல. நீங்க ஒண்ணும் குடுக்கல." கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். கணவர் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தரையில் கவிழ்த்தாள். "இந்தத் தண்ணியை யாரும் குடிக்காதீங்க. குழாய்ல ஈயம் இருக்கு. காரீயம். இவர் போட்ட ஒட்டு. இவர் ரத்தம் பூரா அதுதான். எங்க பொண்ணு ரத்தத்துலயும். எல்லாரும் டாக்டர்கிட்ட போய்ப் பார்த்துடுங்க."

கிழவரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

கறிக்கடைக்காரர் மெதுவாகத் திரும்பி டிரம்மைப் பார்த்தார். கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. உள்ளே பார்த்து, தொண்டை கிழியும்படி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய்! பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுக்காதே! இருக்கறதைக் கீழ ஊத்து! ஊத்துடி!"

அப்புறம் ரேடியேட்டர்காரர் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரேடியேட்டர்காரரும் அப்படி நினைத்துத்தான் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். கறிக்கடைக்காரருக்கு ஓங்கவும் முடியாமல், இறக்கவும் தெரியாமல், கை பாதியில் தொங்கியது.

"மறைச்சிருக்கலாமே அண்ணே," என்றார்.

"முடியலடா."

கறிக்கடைக்காரர் திரும்பி டிரம்மைத் தூக்கினார். நிறையத் தண்ணீரோடு தெருவுக்குக் கொண்டுவந்து கவிழ்த்தார். தண்ணீர் வெயிலில் பளபளத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. ஜன்னல் திறந்தது. தலைகள் எட்டிப் பார்த்தன.

மனைவி கணவரின் கையை எடுத்து மறுபடி தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது எந்த வீடுங்க?"